பள்ளிக்கு வராத பிள்ளையை எண்ணுவது எப்படி

கோவை, திருப்பூர் பக்கம் பள்ளிக்கூடம் இல்லாத காரணத்தால் படிக்காத பிள்ளை இன்று அரிது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பது தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதி. சமவெளி ஊர்களில் பெரும்பாலும் அது நிறைவேறிவிட்டது. சீருடை, புத்தகம், மதிய உணவு எல்லாம் உண்டு. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குப் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் பக்கம் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் நடமாட்டம் இருக்கும். அவர்கள் எத்தனை பேர், ஏன் பள்ளிக்குப் போகவில்லை, என்ன செய்தால் போவார்கள் என்று சொல்ல ஓர் ஆய்வு தேவை. அதைப் படிப்படியாகச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு படியிலும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இப்படிச் செய்தால் எந்தப் பிள்ளை விட்டுப்போகும்?

முதல் வேலை வரையறை. பள்ளி செல்லாக் குழந்தை என்றால் யார் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். மத்திய அரசின் வரையறைப்படி 6 முதல் 14 வயதுக்குள் பள்ளியில் சேராத பிள்ளையும், சேர்ந்த பிறகு காரணம் சொல்லாமல் 45 நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளையும் இந்தக் கணக்கில் வரும். தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 30 நாள்தான் எல்லை. அது நல்ல மாற்றம். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வந்து, மீதி நாள் தறிக்குடோனில் தார் சுற்றுகிற பையனுக்குத் தொடர்ச்சியாக 30 நாள் விடுப்பு விழுவதே இல்லை. இரண்டு வரையறையிலும் அவன் படிக்கிற பிள்ளைதான். ஆகவே போகிறானா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியை மூன்றாக உடைக்க வேண்டும். பெயர் எந்தப் பள்ளியில் இருக்கிறது? கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் போனான்? போகாத நாளில் என்ன செய்தான்?

பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் நுவாகாய் என்னும் புதுநெல் திருநாள் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக முன்பணம் வாங்கிக்கொண்டு தென் மாநிலச் செங்கல் சூளைகளுக்குக் கிளம்புவார்கள். மழை பிடிக்கும் முன், ஜூன் வாக்கில்தான் ஊர் திரும்புவார்கள். பிள்ளையின் பெயர் ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை இங்கே அறுத்துப்போட்ட பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். ஒடிசாவின் கணக்கில் அது படிக்கிறது. நம் கணக்கில் அது நம் ஊர்ப் பிள்ளையே இல்லை. இதற்கு நாங்கள் வைத்துக்கொள்ளும் விதி எளியது. நேற்று இரவு எந்த ஊரில் படுத்ததோ அந்த ஊர்க் கணக்கில்தான் பிள்ளையை எழுத வேண்டும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை அந்தந்த உள்ளாட்சியின் கடமையாக வைத்திருக்கிறது.

வயது எல்லையையும் 14-ல் நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. கொங்குப் பகுதியில் நூல் மில்லும் பனியன் கம்பெனியும் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளத் தொடங்குவதே எட்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான். 5 வயதிலிருந்து 18 வயது வரை எல்லோரையும் எழுதிக்கொண்டால், பிறகு எந்த வயதுக்கும் தனியே பிரித்துப் பார்க்கலாம். எழுதாமல் விட்டதைப் பிறகு எங்கே போய்த் தேடுவது?

சமூகப் பிரிவை எழுதும் கட்டத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையிலும், சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையிலும் வாழும் மலையாளி மக்களுக்கு அந்தத் தகுதி இல்லை. பட்டியலில் அந்த இனத்தின் பெயரோடு பழைய சேலம் மாவட்டம் இருக்கிறது, பழைய கோவை மாவட்டம் இல்லை. ஈரோடு கோவையிலிருந்து பிரிந்த மாவட்டம். தொடக்கப் பள்ளியில் இதனால் பெரிய தொல்லை வராது. மேலே போகப் போக விடுதி, உதவித்தொகை, கல்லூரி என்று ஒவ்வோர் இடத்திலும் சான்றிதழ் கேட்பார்கள், பிள்ளை அங்கே நின்றுவிடும். படிவத்தில் சான்றிதழில் உள்ளதை மட்டும் எழுதினால் இந்தக் காரணம் வெளியே தெரியவே தெரியாது. எனவே அவர்கள் தங்களை என்ன சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு கட்டம், கையில் இருக்கும் காகிதம் என்ன சொல்கிறது என்பதற்கு இன்னொரு கட்டம் வைக்கிறோம்.

அடுத்தது பட்டியல். எந்த வீடுகளுக்குப் போவது என்று தீர்மானிக்க, இருக்கிற வீடுகளின் பட்டியல் ஒன்று வேண்டும். 2011 மக்கள் தொகைக் கணக்கில் கோவை மாநகராட்சியில் 10.5 லட்சம் பேர். அதே ஆண்டில் எல்லை விரிந்து 100 வார்டு ஆனபோது அந்தப் பரப்பின் மக்கள் தொகை 16 லட்சம். அதற்குப் பிறகு எழும்பிய குடியிருப்புகள் எதிலும் இல்லை. வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் கார்டிலும் வெளி மாநிலத்தார் ஏறக்குறைய இல்லவே இல்லை. 2015-ல் தொழிலாளர் துறை எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 10.67 லட்சம் வெளி மாநிலத் தொழிலாளர்கள். கோவையும் திருப்பூரும் முன்வரிசையில் இருந்தன. ஆனால் அது தொழிலாளர்களை எண்ணிய கணக்கு.

ஆகவே பட்டியலை நாமேதான் உண்டாக்க வேண்டும். இதற்கு ஒரு வாரம் நடந்தே ஆக வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. அங்கன்வாடிப் பணியாளரின் கணக்கெடுப்புப் பதிவேடு, கிராம சுகாதார செவிலியரின் தடுப்பூசிப் பட்டியல், போலியோ சொட்டு மருந்து முகாமுக்காகக் குறித்து வைத்த வெளியூர்த் தொழிலாளர் குடியிருப்புகள், இந்த மூன்றும் முதலில் கைக்கு வர வேண்டியவை. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் சொட்டு மருந்து போட்டிருப்பார்கள் என்பதால் அந்தப் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு கட்டட வேலை மேஸ்திரி, மளிகைக் கடைக்காரர், செல்போன் ரீசார்ஜ் கடைக்காரர் ஆகியோரைக் கேட்க வேண்டும். ஆட்டாவும் கடுகெண்ணெயும் எந்தக் கடையில் அதிகம் விற்கிறதோ, அந்தக் கடையைச் சுற்றித் தேட வேண்டும்.

பழைய பட்டியலை நம்பிப் போகக் கூடாது. கோவைக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், பன்னிமடை வட்டாரச் செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. அதற்கு முன் எடுத்த எந்தப் பட்டியலிலும் அங்கே நூற்றுக்கணக்கில் குடும்பங்கள் இருக்கும். இப்போது போனால் வெறும் குழிகள்தான். பொள்ளாச்சிப் பக்கம் நேர்மாறு. தென்னை நார் மில்கள் பெருகப் பெருக மில் காம்பவுண்டுக்குள்ளேயே குடும்பங்கள் தங்குகின்றன, வெளியே நின்று பார்ப்பவருக்கு அங்கே வீடு இருப்பதே தெரியாது. தோட்டத்துச் சாளைகளில் பண்ணையம் பார்க்கும் குடும்பங்களும் அப்படித்தான். ஊர்ப் பட்டியலில் அவற்றைத் தோட்டக்காரர் பெயரில் ஒரே வீடாகப் போட்டிருப்பார்கள்.

எத்தனை வீடு என்பதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. 2005-ல் பிரதம் அமைப்பு தொடங்கிய அசர் ஆய்வு, மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்று 600 வீடுகளுக்குப் போகிறது. ஊரை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாவது வீடாக எண்ணி ஐந்து வீடு எடுப்பார்கள். பிள்ளைகள் எவ்வளவு படிக்கிறார்கள் என்று அறிய அது அருமையான முறை. ஆனால் அது கிராமங்களுக்கு மட்டும் போகிறது, திருப்பூர் மாநகருக்குள் வருவதில்லை. தவிர, வீட்டுக்கு ஒரு பள்ளி வயதுப் பிள்ளை என்றும், நூற்றுக்கு இரண்டு பேர் பள்ளிக்கு வெளியே என்றும் வைத்துக்கொள்வோம். 600 வீட்டில் 12 பேர் கிடைப்பார்கள். அதில் பெண் எத்தனை, மாற்றுத்திறனாளி எத்தனை, வேலைக்குப் போவது எத்தனை என்று பிரித்தால் ஒரு கட்டத்தில் இரண்டு, ஒரு கட்டத்தில் ஒன்று நிற்கும். அதை வைத்துக்கொண்டு அரசுக்கு எதையும் சொல்ல முடியாது. எனவே இரண்டு பட்டியல் போடுகிறோம். சாதாரணத் தெருக்களில் மாதிரி வீடுகள். லைன் வீடு, சூளை, கட்டட வேலையிடம், நார் மில், சாளை போன்ற இடங்களில் எல்லா வீடுகளும். கடைசியில் இரண்டையும் சேர்க்கும்போது மக்கள் தொகைக்கு ஏற்ற எடை கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். இதை மறந்தால் கோவையே குடிபெயர்ந்தோர் ஊர் என்பது போல முடிவு வரும்.

படிவம் நான்கு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் தயாரித்து, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்ததை மூன்றாவது ஆள் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். கேட்பவர் நெற்றியைச் சுருக்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். ஆதார் எண்ணை முதல் நாள் கேட்கவே கூடாது. 2023 மார்ச்சில் வெளி மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது திருப்பூரிலும் கோவையிலும் குடும்பங்கள் எவ்வளவு நடுங்கின என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். யாரோ வந்து அட்டை கேட்டுப் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள் என்ற செய்தி ஒரு லைனிலிருந்து அடுத்த லைனுக்குப் போக அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகு கதவு திறக்காது.

களப்பணியாளர்களாக யாரை எடுப்பது? பட்டப்படிப்பு படித்த உள்ளூர்ப் பெண்களோடு, இந்தி அல்லது ஒடியா பேசும், அதே லைனில் குடியிருக்கும் ஒரு பெண்ணையும் சேர்த்து இருவராக அனுப்புகிறோம். அந்த லைன் வீட்டுப் பெண்ணுக்கும் மற்றவருக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுக்க வேண்டும். மொழிபெயர்க்க மட்டும் வந்தவள் என்று குறைத்துக் கொடுத்தால் ஆய்வின் பாதி அறிவை மலிவாக வாங்கப் பார்க்கிறோம் என்று பொருள். பயிற்சியில் கேள்வி கேட்பதைவிட, கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதைத்தான் நாங்கள் அதிக நேரம் பழக்குகிறோம். தாய் யோசிக்கும் அந்தப் பத்து வினாடியில் பதிலை எடுத்துக்கொடுத்துவிடுகிற பழக்கம் படித்தவர்களுக்கு நிறைய உண்டு.

நேரம் ஒரு பெரிய சிக்கல். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. பெற்றோரைப் பார்க்க ஞாயிறு ஒன்றுதான் வாய்ப்பு, அதுவும் கறி எடுத்து வந்து சமைத்து முடித்த பிறகு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். யார் படிக்கிற பிள்ளை, யார் படிக்காத பிள்ளை என்று கண்ணால் தெரியாது. அதனால் ஒவ்வொரு குடியிருப்புக்கும் இருமுறை போக வேண்டும். ஞாயிறு மதியம் பெற்றோரிடம் பேச்சு. வாரத்தின் நடுவில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, வாசலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் நடை. இரண்டையும் ஒப்பிட்டால் 'தினமும் போறானுங்க' என்று ஞாயிறு அன்று சொன்ன வீட்டில் புதன்கிழமை பையன் கோலி ஆடிக்கொண்டிருப்பது தெரியும். அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. குறித்துக்கொண்டு, இன்னொரு நாள் இன்னும் இதமாகக் கேட்க வேண்டும்.

இனி வீட்டு வாசல். மேஸ்திரியோ சூப்பர்வைசரோ கூட நின்றால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டு, பிறகு வர வேண்டும். முதலில் நாங்கள் யார், எதற்குக் கேட்கிறோம், பதில் சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறோம். போட்டோ எடுப்பதில்லை. ஆபத்தான வேலையில் பிள்ளையைப் பார்த்தால் என்ன செய்வது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் குறைந்தவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது, 18 வரை ஆபத்தான தொழிலில் கூடாது. தகவல் கொடுத்த குடும்பத்துக்கே அது தண்டனையாக முடியாதபடி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. இதை முன்கூட்டியே யோசிக்காத ஆய்வை நான் ஆய்வாக மதிப்பதில்லை.

வயது கேட்கும் இடத்தில்தான் அதிகப் பொறுமை வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இருக்காது. 'எட்டு இருக்கும், பத்து இருக்கும்' என்பார்கள். எட்டுக்கும் பத்துக்கும் இடையில் இரண்டு வகுப்பு போய்விடும். ஆகவே நிகழ்ச்சிகளை வைத்து வயது காண்கிறோம். இங்கே பலர் சறுக்குகிறார்கள். ஜெயலலிதா இறந்தபோது பிள்ளைக்கு எத்தனை வயது என்று ஒடிசாவிலிருந்து போன வருடம் வந்த தாயிடம் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? அவளுக்கு அவள் ஊர் நிகழ்ச்சி வேண்டும். கடலோர ஒடிசா என்றால் பைலின் புயல், 2013 அக்டோபர். ஃபானி புயல், 2019 மே. பீகார் என்றால் மது விலக்கு வந்த 2016 ஏப்ரல். எல்லோருக்கும் பொதுவாக 2016 நவம்பர் நோட்டுச் செல்லாமல் போனது, 2020 மார்ச் ஊரடங்கு. 'தீதி, ஃபானி வந்தப்போ இவன் நடந்தானா, தவழ்ந்தானா?' என்று கேட்டால் தாய் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கூரை பறந்தபோது இவனை இடுப்பில் வைத்திருந்தேன், அப்போதுதான் பல் முளைத்திருந்தது என்பாள். ஆறேழு மாதம். அப்படியானால் பிறந்தது 2018 கடைசி. ஒரு நிகழ்ச்சி போதாது, முன்னே ஒன்று பின்னே ஒன்று வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஊரடங்கின்போது பேச ஆரம்பித்திருந்தானா என்று கேட்டால் அது ஒத்துப்போகும் அல்லது போகாது. உள்ளூர்ப் பாட்டிகளிடம் இதே வேலையை மாரியம்மன் நோன்பு, ஊர் கும்பாபிஷேகம் வைத்துச் செய்யலாம்.

வயது முடிந்தால் நேற்றைய நாள். 'பொண்ணு ஸ்கூலுக்குப் போகுதுங்களா?' என்ற கேள்விக்குக் கொங்கு நாட்டில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அது மரியாதைக் குறைவு. அதற்குப் பதிலாக, நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் கண்ணு என்ன பண்ணுச்சு என்று கேட்டு, மணிவாரியாக எழுதுகிறோம். தண்ணீர் பிடித்தது, சோறு வடித்தது, தம்பியைக் குளிக்க வைத்தது, பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை தம்பியை வைத்துக்கொண்டிருந்தது என்று வரும். பதினொரு வயதுப் பெண்ணுக்கு ஏன் பள்ளி இல்லை என்ற கேள்வியின் விடை அந்த இரண்டு வயதுத் தம்பியிடம் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் ஒன்றரை ஷிப்ட். பக்கத்து அங்கன்வாடி மதியத்துக்குப் பிறகு அடைத்துவிடும், இரவு எட்டரை வரை திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் அவர்கள் கைக்கு எட்டும் விலையில் கிடையாது. இந்தப் பெண்ணுக்கு விழிப்புணர்வுப் பேரணியோ, இலவச சைக்கிளோ எதுவும் உதவாது. தம்பிக்கு ஓர் இடம் கிடைத்தால் அக்கா வகுப்புக்கு வந்துவிடுவாள். வீட்டு வேலை என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிற படிவம் இந்தக் காரணத்தைப் புதைத்துவிடுகிறது. இந்த ஒரு பக்கத்துக்காகவே ஆய்வு முழுவதையும் நடத்தலாம் என்று எனக்குத் தோன்றும்.

மாற்றுத்திறன் பற்றிக் கேட்கும் முறையும் விடையை மாற்றும். வீட்டில் ஊனமுற்ற பிள்ளை இருக்கிறதா என்றால் தாய் இல்லை என்பாள், அந்தச் சொல்லின் பாரம் அப்படி. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடுதான் வந்தது. வாஷிங்டன் குழு என்று அழைக்கப்படும் பன்னாட்டுப் புள்ளியியல் குழு ஊனம் என்ற சொல்லையே எடுக்காமல் கேட்கச் சொல்கிறது. கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமம் இருக்கிறதா, கேட்க, நடக்க, நினைவில் வைத்துக்கொள்ள, தன் வேலையைத் தானே செய்துகொள்ள, பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்கிறதா? பதில் நான்கு வகை: சிரமம் இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. பிள்ளைகளுக்கென்று யுனிசெஃப்போடு சேர்ந்து 2016-ல் வெளியிட்ட தனிக் கேள்வித் தொகுப்பையே நாங்கள் பயன்படுத்துகிறோம். பள்ளியில் பெயர் இருந்தும் கடைசி வரிசையில் காது கேளாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் இதில் வெளிவரும்.

பிறகு வாசிப்புச் சோதனை. எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று நான்கு படி. தமிழில் மட்டும் சோதித்தால் பீகார்ப் பிள்ளைக்குப் பூஜ்யம் விழும். இந்தியிலும் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தால் அதே பிள்ளை முழுக் கதையையும் கடகடவென்று வாசிக்கும். இரண்டு மதிப்பெண்ணையும் எழுத வேண்டும். ஒன்றும் தெரியாத பிள்ளைக்குத் தேவைப்படுவதும், இந்தி தெரிந்து தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தேவைப்படுவதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே சிறப்பு வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டாவது பிள்ளை ஒரு மாதத்தில் சலித்து ஓடிவிடும்.

மலை ஊர்களில் தூரத்தை அளப்பது தனி வேலை. வால்பாறையின் தேயிலை எஸ்டேட்டிலும், காடர், முதுவர் குடியிருப்புகளிலும் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது கால்நடையாக மூன்றாகலாம், நடுவில் யானைத் தடம் இருக்கலாம். செல்போன் வரைபடத்தை நம்பாமல், பிள்ளையோடு பள்ளிக்கு நடந்துபோய் நேரத்தைக் குறிக்கிறோம். மழைக்காலத்தில் அந்த வழி திறந்திருக்குமா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுகிறோம். வாகன வசதியோ, கூட்டிப்போகத் துணையாளோ கேட்டு எழுதும்போது இந்தக் குறிப்புத்தான் ஆதாரம்.

மாலையில் படிவங்களைப் பார்ப்பது, பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய் நான்கைந்து கேள்விகளை மட்டும் திரும்பக் கேட்பது, கணினியில் ஏற்றுவது ஆகியவை எல்லா ஆய்விலும் உள்ளவைதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பூட்டியிருந்த வீடுகளை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைப் பிடிக்கக் கூடாது. பூட்டிய வீடு என்றால் பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போன வீடு. பிள்ளை பூட்டுக்குள்ளேயோ அவர்களோடு வேலையிடத்திலோ இருக்கக்கூடும்.

அடுத்து, நம் பட்டியலைக் கல்வித் துறையின் எமிஸ் தரவோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் தனி எண் உண்டு. ஒரு பள்ளியிலிருந்து விலகி இன்னொன்றில் சேராத பிள்ளையின் பெயர் காமன் பூலில் கிடக்கும். நம் பட்டியலிலும் காமன் பூலிலும் இருக்கும் பிள்ளை இடைநின்ற பிள்ளை. நம்மிடம் மட்டும் இருப்பது இந்த மாநிலம் அறியாத பிள்ளை. காமன் பூலில் மட்டும் இருப்பதை நாம் விட்டுவிட்டோம், அல்லது அது ஊரைவிட்டுப் போய்விட்டது. மூன்றையும் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கெடுப்புக்கு அலைகிறவர்கள் அவர்கள்தான், அவர்களுக்குத் தெரிந்தது எந்தத் தரவிலும் இல்லை.

ஒரு சுற்றோடு நிறுத்தினால் என்ன மாறியது என்று சொல்ல முடியாது. இதற்குக் கொங்கு மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. ஆக்ஸ்போர்டு பொருளியலாளர் ஜூடித் ஹேயர் 1981-82-ல் கோவை மாவட்டக் கிராமங்கள் சிலவற்றை ஆராய்ந்தார். அதே ஊர்களுக்கு 1996-லும் அதன் பின் 2008-09 வரையிலும் திரும்பத் திரும்ப வந்தார். முதலில் வந்தபோது பண்ணையாள் முறை இருந்தது, தலித் குடும்பத்துச் சிறுவர்களும் அதில் இருந்தார்கள். பிந்தைய சுற்றுகளில் அந்த முறை தேய்ந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போவதை அவர் பதிவு செய்தார். கூலி வேலையின் தன்மை மாறியதும், ரேஷன், மதிய உணவு போன்ற அரசுத் திட்டங்களும் அதில் சேர்ந்தே வேலை செய்தன. ஒரு தலைமுறைக் காலம் அதே ஊரைப் பார்த்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

முடிவுகளை மூன்று விதமாக எழுதுகிறோம். அரசுக்குப் போகும் அறிக்கையில் காரணமும், அதைத் தீர்க்க ஆகும் செலவும். ஊராட்சிக்கும் வார்டுக்கும் பெயரில்லாத எண்ணிக்கையும், எந்தக் குடியிருப்பில் காப்பகம் வேண்டும், எங்கே வாகனம் வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பும். பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பள்ளித் தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு ஒடியாத் தாயோ இந்திக்காரத் தாயோ அதில் உட்கார்ந்தால் அடுத்த ஆண்டு நமக்குப் பாதி வேலை குறையும்.

சேர்க்கைக்குப் போகும்போது டிசி இருக்கிறதா, வயதுச் சான்று இருக்கிறதா என்று கேட்பது நடக்கும். இவை இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது, ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்று சட்டப் பிரிவுகளோடு அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் வைத்திருப்போம். தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாமல் அதைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிகிறது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு வாரம்கூடத் தங்க மாட்டான்.

சேர்த்த பிறகு மூன்று மாதம் வரை வருகையைப் பார்க்கிறோம். குடும்பம் ஊருக்குக் கிளம்பும்போது, பிள்ளை படித்த வகுப்பு, எமிஸ் எண், தலைமையாசிரியரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அவர்கள் மொழியிலும் எழுதி ஒரு தாள் தாயிடம் கொடுக்கிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் பட்டியலை எடுத்து, காமன் பூலுக்குத் திரும்பிவிட்ட ஒவ்வொரு பெயருக்கும் குடும்பத்தைத் தொலைபேசியில் அழைக்கிறோம். எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தப் பள்ளி பக்கம் என்று கேட்டு, அந்தப் பள்ளிக்கும் பேசி, பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று அங்குள்ள ஆசிரியர் சொன்ன பிறகுதான் அந்தப் பெயருக்கு எதிரே முடிந்தது என்று எழுதுகிறோம்.